வடிவத்தின் வயதும் வார்ப்பின் வயதும்: ரஷ்யச் சிலுவைகளை இனங்காணலும் மதிப்பிடலும்

ஐரோப்பியப் பழம்பொருள் கடைகளிலும் ஏலக்கூடங்களிலும் பழைய கிறிஸ்தவச் சிலுவை தேடுபவர் கண்ணில் அடிக்கடி படுவது ரஷ்யாவின் வார்ப்புச் சிலுவை. பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்த்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று குறுக்குச் சட்டங்கள் இருக்கும். கீழ்ச் சட்டம் சாய்ந்திருக்கும். மொத்தம் எட்டு முனைகள் என்பதால் எட்டுமுனைச் சிலுவை என்று பெயர். கழுத்தில் தொங்கும் விரல் நீளச் சிலுவையிலிருந்து வீட்டுப் பூசைமூலையில் வைக்கும் முழ நீளச் சிலுவை வரை அளவுகள் பல. கடைச் சீட்டில் பெரும்பாலும் ‘17-ஆம் நூற்றாண்டு’ அல்லது ‘18-ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருப்பார்கள். ஆனால் சந்தையில் உள்ளவற்றில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வார்த்தவை. ஒரு பகுதி அண்மைக்காலப் போலிகள்.

இந்தப் பிழைக்கு வியாபாரியை மட்டும் குறைசொல்ல முடியாது. இந்தச் சிலுவைகளை வார்த்த சமூகத்தினர் பழைய வடிவத்தை மாற்றாமல் காப்பதையே சமயக் கடமையாகக் கொண்டிருந்தனர். 1900-இல் வார்த்த சிலுவை 1700-இல் வார்த்ததைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். ஆகவே மற்றக் கலைப்பொருள்களுக்குப் பயன்படும் முறை, அதாவது பாணியைப் பார்த்துக் காலம் சொல்வது, இங்கே ஏமாற்றிவிடும். வடிவம் சொல்வது ஒரு காலம். உலோகமும் செய்முறையும் தேய்மானமும் சொல்வது வேறொரு காலம். இந்த இரண்டையும் தனித்தனியே படித்து, பிறகு பொருத்திப் பார்ப்பதே இனங்காணலின் அடிப்படை. விலையும் அந்தப் பொருத்தத்திலிருந்தே பிறக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

கீவ் நாட்டு அரசர் விளாதிமிர் 988-இல் கிறிஸ்தவத்தை ஏற்றதிலிருந்து கிழக்கு ஸ்லாவியர் நடுவே உலோகச் சிலுவை வார்ப்பு வளர்ந்தது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தின் சிறந்த பொருள்கள் பேழைச் சிலுவைகள். இரண்டு பாதிகளைக் கீலால் இணைத்து, நடுவிலுள்ள குழியில் புனிதப் பொருளை வைத்து மார்பில் அணிந்தனர். 1240-இல் மங்கோலியர் கீவ் நகரை அழித்தபின் அங்கே பட்டறைகள் சிதைந்தன. நோவ்கொரோத் போன்ற வட நகரங்களில் வேலை தொடர்ந்தது.

இன்றைய சந்தைக்கு மூலமான திருப்பம் 17-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1652-இல் மாஸ்கோ மறைமுதுவரான நீகோன், வழிபாட்டு நூல்களையும் சடங்குகளையும் அந்நாளைய கிரேக்கத் திருச்சபையின் வழக்கத்துக்கு ஏற்பத் திருத்தினார். சிலுவை அடையாளம் வரைய இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல், இயேசுவின் பெயருக்குப் புதிய எழுத்துக்கூட்டு எனப் பல மாற்றங்கள் வந்தன. இவற்றை ஏற்க மறுத்தவர்கள் 1666–67 சங்கத்தில் சாபத்துக்கு உள்ளாயினர். பழைய விசுவாசத்தார் என்று அழைக்கப்பட்ட இவர்கள் வட காடுகளுக்கும் எல்லைப் புறங்களுக்கும் சிதறினர். காலப்போக்கில் இவர்களுக்குள்ளும் பிரிவுகள் எழுந்தன. குருக்களை ஏற்றவர்கள் ஒருபுறம் இருக்க, உண்மையான குருத்துவமே அழிந்துவிட்டதென்று குருக்களே இன்றி வாழ்ந்த போமோர், ஃபெதோசியர் முதலியோர் மறுபுறம் நின்றனர்.

1722–23-இல் முதலாம் பீட்டரின் ஆட்சியில் திருச்சபை ஆட்சிமன்றம் செம்பிலும் வெள்ளீயத்திலும் வார்த்த திருவுருவங்களைச் செய்யவும் விற்கவும் தடை விதித்தது. கழுத்தில் அணியும் சிலுவைகளுக்கு மட்டும் விலக்கு. அதிகாரபூர்வத் திருச்சபை இதன்பின் இந்தக் கைவினையிலிருந்து பெருமளவு விலகிக்கொள்ள, அது பழைய விசுவாசத்தாரின் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு அது பல வகையில் ஏற்றதாகவும் இருந்தது. மரப்பலகை ஓவியம் தீயிலும் ஈரத்திலும் கெடும், ஒளித்து வைக்கவும் சுமந்து ஓடவும் கடினம். வார்ப்புச் சிலுவைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. நெருப்பில் தூய்மையானது என்ற மதிப்பும் அதற்கு உண்டு. 1905 ஏப்ரலில் சமயச் சகிப்பு ஆணை வந்தபின் வார்ப்பு வெளிப்படையான தொழிலானது; 1917-க்குப் பின் தளர்ந்தது.

பயன்பாட்டால் வகைகள்

கையில் கிடைத்த சிலுவை எதற்காகச் செய்தது என்பதே முதற்கேள்வி. உடற்சிலுவை ஞானஸ்நானத்தின்போது பெற்று வாழ்நாள் முழுதும் சட்டைக்கு உள்ளே அணிவது. மேலே கயிறு கோக்கும் வளையம் இருக்கும். பழைய விசுவாசத்தாரிடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வடிவம் வேறு. ஆணின் சிலுவை நேர்விளிம்பும் சதுர முனையும் கொண்டது. பெண்ணின் சிலுவை இலைபோல் வளைந்து உருண்ட முனைகள் கொண்டது. இந்த இரண்டிலும் கிறிஸ்துவின் உருவம் இராது. சிலுவைக்கு உள்ளேயே இன்னொரு எட்டுமுனைச் சிலுவை, இருபக்கமும் ஈட்டியும் கடற்காளான் செருகிய கோலும், அடியில் கொல்கொதா குன்றும் மட்டும் இருக்கும். பின்புறம் பெரும்பாலும் 68-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை அடிப்படையாகக் கொண்ட செபம் பொறித்திருப்பார்கள். உடற்சிலுவையில் பாடுபட்ட சுரூபம் இருந்தால், அது அதிகாரபூர்வத் திருச்சபையினர் அணிந்ததாகவோ மேற்கத்தியதாகவோ இருக்கலாம்.

மார்புச் சிலுவை குருவானவர் அங்கிக்கு மேல் சங்கிலியில் அணிவது. பெரியது, பெரும்பாலும் வெள்ளி. மூன்றாவது வகை பூசைமூலைச் சிலுவை. வளையம் இல்லாமல் மரப்பலகையில் பதித்தோ திருவுருவங்களின் நடுவே நிறுத்தியோ வைப்பார்கள். இதன் பெரிய வடிவங்களில் நடுச் சிலுவையைச் சுற்றித் திருநாள் காட்சிகளைச் சித்திரிக்கும் சிறு தகடுகளையும், உச்சியில் ஆறு சிறகுள்ள சேராபீன்களின் வரிசையையும் இணைத்திருப்பார்கள். நிலத்தில் தோண்டியெடுத்த பேழைச் சிலுவைகள் இவற்றிலிருந்து வேறான தொல்லியல் பொருள்கள். அவற்றுக்குச் சட்ட நிலையும் வேறு.

உருவமும் எழுத்தும்

பயன்பாடு தெரிந்தபின் உருவ அமைப்பைப் படிக்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டு முதல் கிறிஸ்துவின் பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே ஆணி அறைவது வழக்கமாயிற்று. மொத்தம் மூன்று ஆணிகள். கிழக்கு மரபில் பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆணிகள் நான்கு. மேற்கத்தியச் சுரூபத்தில் உடல் தொய்ந்து கைகள் மேல்நோக்கி இழுபடும், தலையில் முள்முடி இருக்கும். பழைய ரஷ்ய மரபில் கைகள் கிடைமட்டமாக நீண்டு உள்ளங்கை விரிந்திருக்கும், முள்முடி இராது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ரஷ்யத் திருச்சபையும் மேற்கத்திய உருவத்தைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. ஆகவே எட்டுமுனைச் சிலுவையில் தொய்ந்த உடலும் முள்முடியும் கண்டால், அது பழைய விசுவாசத்தார் பட்டறையில் பிறந்ததன்று என்று கொள்ளலாம்.

சாய்ந்த பாதப்பலகையில் கிறிஸ்துவின் வலப்பக்கம், அதாவது பார்ப்பவரின் இடப்பக்கம், உயர்ந்திருக்கும். மனம் திரும்பிய கள்வன் தொங்கிய பக்கம் அது என்பது மரபு. அடியில் குகையும் ஆதாமின் மண்டையோடும், பின்னணியில் எருசலேம் மதிலும் இருக்கும். பெரிய சிலுவைகளில் பார்ப்பவரின் இடப்பக்கம் மரியாவும் மார்த்தாவும், வலப்பக்கம் யோவானும் நூற்றுவர் தலைவன் லொங்கினுஸும் நிற்பார்கள். இவை எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவானவை. பிரிவைக் கண்டுபிடிக்க உதவுவது சிலுவையின் உச்சி.

குருக்களை ஏற்ற பிரிவினரின் சிலுவையில் உச்சியில் பிதாவும், அவருக்குக் கீழே தூய ஆவியின் புறாவும் இருப்பது வழக்கம். மேற்சட்டத்தில் பிலாத்து எழுதுவித்த தலைப்பைக் குறிக்கும் நான்கு சிரில்லிக் எழுத்துகள் இருக்கும். போமோர் பிரிவினர் இரண்டையுமே மறுத்தனர். பாடுபட்டவர் மகன் மட்டுமே என்பதால் பிதாவையும் ஆவியையும் சிலுவையில் காட்டுவது தவறு என்பது அவர்கள் வாதம். உச்சியில் அவர்கள் வைத்தது, கையால் தீட்டாமல் துணியில் பதிந்ததாக நம்பப்படும் கிறிஸ்துவின் திருமுகம். அதற்குக் கீழே இரண்டு தேவதூதர்கள். பிலாத்துவின் தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் கிறிஸ்துவை மகிமையின் அரசர் என்றும் கடவுளின் மகன் என்றும் அழைக்கும் சொற்கள் வரும். இந்தத் தலைப்பை ஏற்பதா மறுப்பதா என்பது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போமோரையும் ஃபெதோசியரையும் பிரித்த தகராறுகளில் ஒன்று. அக்காலத்தவர் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்ட நுட்பம் இன்று சிலுவை எந்தச் சமூகத்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

எழுத்துகளில் இன்னொரு குறிப்பும் உண்டு. நீகோனின் திருத்தத்துக்குப் பின் இயேசுவின் பெயர்ச் சுருக்கத்தில் ஓர் உயிரெழுத்து கூடியது. அந்தக் கூடுதல் எழுத்து இருந்தால் சிலுவை பழைய விசுவாசத்தாருடையதன்று. அது இல்லாவிட்டால் எதுவும் உறுதியாகாது. ஏனெனில் பழைய சுருக்கத்தை இரு தரப்பும் திருவுருவங்களில் பயன்படுத்தின. இத்தகைய ஒருபக்கச் சான்றுகளை இருபக்கமாகப் பயன்படுத்துவதில்தான் பல தவறான அடையாளங்கள் தொடங்குகின்றன. கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எழுத்துகளும் இத்தகையவையே. 13-ஆம் நூற்றாண்டுக் கீவ் பேழைச் சிலுவைகளில், அச்சில் நேராக எழுத்தை வெட்டியதால் வார்ப்பில் திரும்பி விழுந்தவை உண்டு. திரும்பிய எழுத்து மட்டுமே போலிக்கு அடையாளம் ஆகாது.

பட்டறைகள்

கரேலியாவில் வீக் ஆற்றங்கரையில் 1694-இல் தொடங்கிய போமோர் குடியிருப்பு, ஆந்திரேய் தெனீசோவ் முதலியோரின் தலைமையில் பெரிய பண்பாட்டு மையமாக வளர்ந்தது. அங்கே உருவான வார்ப்புகள் இந்தக் கலையின் உச்சம். மெல்லிய உடல், கூர்மையான முகங்கள், தெளிவான எழுத்து, அரத்தால் சீராக ராவிய பின்புறம், நேர்த்தியான எனாமல் ஆகியவை அவற்றின் குணங்கள். சிலவற்றுக்குப் பாதரசத்தின் உதவியால் தங்க முலாமும் உண்டு. முதலாம் நிக்கோலாஸ் ஆட்சியில் எழுந்த அடக்குமுறையால் 1850-களில் இந்தக் குடியிருப்பு முடிவுக்கு வந்தது.

மாஸ்கோவில் 1771 கொள்ளைநோய்க் காலத்தில் பிரியோபிரஷென்ஸ்கோயே என்ற இடத்தில் ஃபெதோசியர் சமூகம் உருவாயிற்று. அதைச் சார்ந்த வார்ப்பர்கள் வீக் மாதிரிகளைப் பின்பற்றினர். 19-ஆம் நூற்றாண்டில் சில மாஸ்கோ வார்ப்பர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளையும் வார்ப்பில் சேர்த்தனர். நகரின் தென்கிழக்கே உள்ள குஸ்லித்சி வட்டாரம் குருக்களை ஏற்ற பிரிவினருக்காக வேலை செய்தது. அங்கே வார்த்தவை தடிப்பானவை, கனமானவை. பின்புறத்தைப் பெரும்பாலும் ராவாமல் விட்டிருப்பார்கள். அக்கம்பக்கத்து ஸகாரியே கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்பு வார்ப்பு பெருந்தொழிலானது. இன்று கடைகளில் காண்பவற்றில் கணிசமானவை இந்த வட்டாரங்களிலிருந்து வந்தவை.

பட்டறை அடையாளத்தை உறுதியாகச் சொல்வதில் எச்சரிக்கை தேவை. சந்தைகளில் விற்ற சிலுவைகளை மற்ற ஊர் வார்ப்பர்கள் வாங்கி, அவற்றையே மாதிரியாக வைத்து வார்த்தனர். வீக் வடிவம் உள்ளதெல்லாம் வீக்கில் வார்த்ததாகிவிடாது. ஸ்வெத்லானா கினூத்தோவா, எலேனா ஸோத்தோவா ஆகியோர் 2000-இல் மாஸ்கோவில் வெளியிட்ட வார்ப்புக் கலை நூலும், ஜார்ஜ் ஃபிரெடரிக் குன்ஸ் திரட்டி இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலுள்ள தொகுப்பைப் பற்றி 1991-இல் வந்த ஆய்வும் ஒப்பீட்டுக்குத் துணையானவை.

வார்ப்பு முறை தரும் சான்று

வார்ப்பர் இரண்டு பாதிகள் கொண்ட சட்டகத்தில் களிமண் கலந்த நுண்மணலை நிரப்பி, முன்மாதிரிச் சிலுவையை அதில் அழுத்துவார். பாதிகளைப் பிரித்து மாதிரியை எடுத்தால் அதன் குழி மணலில் நிற்கும். உலோகம் பாயும் வாய்க்காலை வெட்டி, பாதிகளை மீண்டும் பொருத்தி, உருகிய உலோகத்தை ஊற்றுவார். ஆறியபின் பிசிறுகளை அரத்தால் ராவி, உளியால் விவரங்களைத் திருத்தி, எனாமல் இட்டு, மெருகேற்றுவார்.

இந்த முறையின் ஓர் இயற்பியல் விளைவு காலக்கணிப்பின் வலுவான கருவியாக உதவுகிறது. பித்தளை உறையும்போது ஏறத்தாழ 1.5 முதல் 2 விழுக்காடு சுருங்கும். மாதிரி 20 செ.மீ. நீளமென்றால் அதிலிருந்து பிறக்கும் வார்ப்பு 3 முதல் 4 மி.மீ. குட்டையாக இருக்கும். அந்த வார்ப்பையே மாதிரியாக்கினால் மேலும் அதே அளவு குறையும். ஆகவே ஒரே வடிவத்தின் பல சிலுவைகளை அளந்து வரிசைப்படுத்தினால் எது தாய், எது மகள், எது பேத்தி என்ற வம்சாவளி வெளிப்படும். வெர்னியர் அளவுகோலால் எடுத்த மூன்று நான்கு அளவுகளை அருங்காட்சியகப் பட்டியலோடு ஒப்பிட்டாலே, கையிலுள்ளது எத்தனையாவது தலைமுறை என்று ஓரளவு சொல்லிவிடலாம். குட்டையானது பிந்திய தலைமுறை என்பது உறுதி. எந்தக் காலத்தது என்பதை மற்றச் சான்றுகள் சொல்ல வேண்டும்.

தலைமுறை இறங்க இறங்க விவரமும் மழுங்கும். இதைத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்வது வழக்கமான பிழை. உண்மையாகத் தேய்ந்த சிலுவையில் மூக்கு, முழங்கால், ஒளிவட்டத்தின் விளிம்பு போன்ற மேடுகள் மழுங்கியிருக்கும். எழுத்துகளின் அடிப்பள்ளமும் ஆடை மடிப்பின் குழிவும் கூர்மையாகவே இருக்கும். மறுவார்ப்பில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல் மங்கியிருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் எழுத்துகளின் அடியைப் பார்த்தாலே இந்த வேறுபாடு புலப்படும்.

உலோகமும் எனாமலும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்கும் முறை ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவத் தொடங்கியது; பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் 1738-இல் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் துத்தநாகத் தாதுவைக் கரியோடும் செம்போடும் மூடிய மூசையில் சூடாக்கினர். அந்த முறையில் பித்தளைக்குள் ஏறக்கூடிய துத்தநாகம் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. எனவே துத்தநாகம் அதைவிட நன்றாகக் கூடியிருக்கும் சிலுவையை 17-ஆம் நூற்றாண்டினது என்று ஏற்பது கடினம். அலுமினியம் கலந்த வெண்கலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முன் வணிக அளவில் இல்லை. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி பொருளைச் சுரண்டாமலே இந்த அளவுகளைக் காட்டும். ஆனால் அது படிப்பது மேற்பரப்பை மட்டுமே. நெடுநாள் மண்ணில் கிடந்தவற்றின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து குறைந்திருக்கும் என்பதால் ஓர் இடத்தின் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது.

பழைய எனாமல் கண்ணாடித் தூளைப் பள்ளங்களில் நிரப்பி உலையில் உருக்கியது. அதில் சிறு குமிழ்த்துளைகளும் நுண்வெடிப்புகளும் இருக்கும். உடைந்த விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்கும். இக்காலத்தில் இடும் செயற்கைப் பிசின் எனாமல் வழவழப்பாக, சற்று மென்மையாக இருக்கும். புற ஊதா விளக்கின்கீழ் பல சமயம் ஒளிரும். வெண்ணிறப் பகுதியில் டைட்டானியம் இருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டில் இட்டது. டைட்டானிய வெள்ளை முதல் உலகப்போர்க் காலத்துக்குப் பின்னரே சந்தைக்கு வந்தது. பழைய சிலுவைக்குப் புதிய எனாமல் இட்டு விற்பதும் உண்டு. எனவே எனாமலின் வயதைச் சிலுவையின் வயதாக எடுத்துக்கொள்ளலாகாது.

தேய்மானமும் களிம்பும் போலியும்

பயன்பாட்டில் இருந்த சிலுவை குறிப்பிட்ட இடங்களில் தேயும். உடற்சிலுவையில் கயிறு உராய்ந்து வளையத்தின் உள்மேல்பகுதி நீள்வட்டமாகும். மார்பில் உரசிப் பின்புறத்து எழுத்து மங்கும். பூசைமூலைச் சிலுவையில் முத்தமிடும் இடமான பாதங்களும், சுண்ணத்தூளாலும் செங்கல் தூளாலும் தேய்த்துத் துலக்கும் மேடுகளும் மழுங்கும்; பின்புறம் ராவிய தடங்கள் அப்படியே நிற்கும். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பது அந்தப் பொருளின் பயன்பாட்டோடு பொருந்த வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக மழுங்கியிருந்தால், உருளையில் மணலோடு போட்டுச் சுழற்றியதாக இருக்கலாம்.

செம்புக் கலவையில் காலம் ஏற்றும் நிறம் பழுப்பிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக மாறி உலோகத்தோடு ஒட்டியிருக்கும். செயற்கையாக ஏற்றிய களிம்பு பச்சையாகப் பூசியதுபோல் இருந்து, அசிட்டோன் தோய்த்த பஞ்சில் கறையாக இறங்கும். பளிச்சென்ற வெளிர்பச்சைத் தூள் புள்ளிபுள்ளியாகத் தோன்றினால் குளோரைடு உலோகத்தை அரிக்கிறது என்று பொருள். மண்ணில் புதைந்திருந்தவற்றில் காணும் இந்நோய் பாதுகாப்பு வல்லுநரின் கவனத்தை உடனே வேண்டுவது.

போலிகளில் இரண்டு வகை உண்டு. பழைய சிலுவையிலிருந்து சிலிக்கோன் ரப்பர் அச்செடுத்து, மெழுகில் படியெடுத்து வார்ப்பது ஒன்று. இதில் பள்ளங்களில் சிறு உருண்டைகளும் ஆரஞ்சுத் தோல்போன்ற பொருக்கும் தென்படும். மூலத்தின் அரத்தடமும் கீறலும்கூட வார்ப்பிலேயே மழுங்கலாக வந்திருக்கும். உண்மையான அரத்தடம் கூர்மையான விளிம்போடு இருக்கும். ஒரே சேதம், ஒரே கீறல், ஒரே மூளி முனை கொண்ட இரண்டு சிலுவைகள் சந்தையில் தென்பட்டால் இரண்டில் ஒன்றேனும் படியெடுத்தது. மற்றொரு வகை புதிதாக உருவாக்கிப் பழமை ஏற்றியது. இதில் உருவ அமைப்பில் கலப்படம் காணலாம்: போமோர் திருமுகத்துக்குக் கீழே பிலாத்துவின் தலைப்பு, பெண்ணுக்குரிய இலைவடிவச் சிலுவையில் சுரூபம் என்பனபோல். பிரிவுகளின் கோட்பாட்டு வேறுபாட்டை அறிந்தவரை இந்தக் கலப்படம் எளிதில் ஏமாற்றாது.

வெள்ளி முத்திரைகளும் பொறித்த ஆண்டுகளும்

வெள்ளிச் சிலுவையில் முத்திரை வேறொரு பாதையைத் திறக்கிறது. பேரரசுக் கால ரஷ்யாவில் வெள்ளியின் மாற்றை 96 பங்குக்கு எத்தனை என்று குறித்தனர். ‘84’ என்றால் 96-இல் 84 பங்கு தூய வெள்ளி. இன்றைய கணக்கில் 875. 19-ஆம் நூற்றாண்டு முடியும்வரை அதனுடன் நகரச் சின்னம் இருக்கும். மாஸ்கோவுக்குப் பறவைநாகத்தைக் குத்தும் குதிரைவீரன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குறுக்கிட்ட நங்கூரங்களும் செங்கோலும். 1899 முதல் கோகோஷ்னிக் என்னும் தலையணி அணிந்த பெண்ணின் தலை இடப்பக்கம் நோக்கியும், 1908 முதல் வலப்பக்கம் நோக்கியும் வந்தது. 1927-இல் சோவியத் அரசு சுத்தியலோடு தொழிலாளியின் தலையையும் ஆயிரத்துக்கான மாற்று எண்ணையும் கொண்டுவந்தது. ‘875’ என்ற எண் அடித்த சிலுவையைப் பேரரசுக் காலத்தது என்று விற்பது பொருந்தாது. பழைய முத்திரையைப் போலியாக அடிப்பதும் சாதாரணம். அடித்த முத்திரையின் விளிம்பு கூர்மையாகவும் பின்புறம் சற்றே புடைத்தும் இருக்கும்; வார்ப்போடு வந்த முத்திரை மழுங்கியிருக்கும்.

சிலுவையில் பொறித்த ஆண்டும் நேரடியாகத் தயாரிப்பு ஆண்டைச் சொல்வதில்லை. ‘1812’ என்று பொறித்த குருவானவர்களின் வெண்கலச் சிலுவை நெப்போலியனுக்கு எதிரான போரின் நினைவாக 1814-இல் ஆணையிடப்பட்டது. ‘1853–1856’ என்ற சிலுவை கிரிமியப் போரின் நினைவு. ‘1896’ குறித்த வெள்ளிச் சிலுவையில் உள்ள ஆண்டு இரண்டாம் நிக்கோலாஸின் முடிசூட்டைக் குறிக்கிறது. அவ்விழாவை ஒட்டி ரஷ்யத் திருச்சபையின் குருக்கள் அணிய வகுத்த இந்த வடிவத்தின் பின்புறம் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் வாசகம் இருக்கும். அதே வடிவம் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆண்டைப் பார்த்து வாங்குபவர் நூறாண்டுக்கும் மேலான பிழையைச் செய்யக்கூடும். முத்திரையும் சங்கிலியின் வேலைப்பாடுமே தீர்ப்புச் சொல்பவை.

மதிப்பு உருவாகும் விதம்

விலைக்கு முதற்காரணம் வயதன்று, வார்ப்பின் தரம். நன்கு வார்த்த 19-ஆம் நூற்றாண்டு வீக் பாணிச் சிலுவை, மழுங்கிய 18-ஆம் நூற்றாண்டு உடற்சிலுவையைவிட அதிகம் பெறும். முகத்தின் தெளிவு, எழுத்தின் கூர்மை, முன்தலைமுறை வார்ப்பு என்பதைக் காட்டும் அளவு ஆகியவை முதலில் வரும். அடுத்தது எனாமலின் நிலை: பல நிறங்கள், பழைய எனாமல், குறைந்த சேதம். தங்க முலாம் பெரும்பகுதி நிற்பது பெரிய கூடுதல். மூன்றாவது முழுமை. சேராபீன் வரிசையில் இரண்டு உடைந்திருந்தாலும், திருநாள் தகடுகளில் ஒன்று வேறு சிலுவையிலிருந்து வந்திருந்தாலும் மதிப்பு இறங்கும். ஆணிக்காகப் பின்னாளில் போட்ட துளை, ஈயப்பற்று வைத்த முறிவு, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளக்கச் செய்த மேற்பரப்பு ஆகியவை விலையை வெகுவாகக் குறைக்கும். வாங்கியவர் செய்யும் தவறுகளில் மிகக் கேடானது மெருகேற்றுவது. நூறாண்டு நிறம் ஒருமுறை போய்விட்டால் திரும்பாது.

அரிதா என்பதும் சேர்த்து எண்ண வேண்டியது. நிலத்திலிருந்து கிடைக்கும் சிறு உடற்சிலுவைகள் ஏராளம். அவை கொத்தாக விற்கும் மலிவுப் பொருள்கள். திருநாள் தகடுகளோடு கூடிய பெரிய பூசைமூலைச் சிலுவை, முலாம் பூசிய தொடக்க கால வீக் வார்ப்பு, பெயரெழுத்துள்ள மாஸ்கோ வேலை ஆகியவை சேகரிப்பாளர் போட்டியிடும் பொருள்கள். வெள்ளிச் சிலுவைக்கு எடையால் வரும் உலோக விலை அடித்தளம் மட்டுமே. நல்ல சிலுவையின் விலை அதைவிடப் பன்மடங்கு.

ஒப்பீட்டுக்கு விற்ற விலையைத்தான் எடுக்க வேண்டும்; கேட்ட விலையை அல்ல. ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நிலை உள்ளவற்றின் அண்மைக்கால ஏல முடிவுகள் மூன்று நான்கு இருந்தால் ஒரு வரம்பு கிடைக்கும். ஏலத்தில் வாங்குபவர் தட்டும் விலைக்குமேல் கட்டணமும் வரியும் தருகிறார் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மதிப்பு எதற்கு என்பதையும் பொறுத்தது: காப்பீட்டுக்காகச் சொல்வது அதேபோன்ற பொருளைக் கடையில் மீண்டும் வாங்க ஆகும் செலவு, சொத்துப் பிரிவினைக்காகச் சொல்வது இன்று விற்றால் கிடைக்கக்கூடிய தொகை. ஒரே சிலுவைக்கு இவ்விரு எண்ணும் வெகுவாக மாறுபடும்.

சட்டமும் ஆவணமும்

நல்ல சிலுவையைக்கூட விற்க முடியாத பொருளாக்கிவிடுவது அது வந்த வழி. நூறாண்டு கடந்த பண்பாட்டுப் பொருள்களை வெளியே கொண்டுசெல்வதை ரஷ்யா 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியின்றி உலோகங்காணி கொண்டு தொல்பொருள் தேடுவதை 2013-இல் வந்த திருத்தம் குற்றமாக்கியது. தோண்டியெடுத்த பேழைச் சிலுவைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 எண் விதிமுறைப்படி, அதன் எல்லைக்கு வெளியே உருவாகி 250 ஆண்டு கடந்த தொல்லியல் பொருள்களை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். இது 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்கிறது.

வாங்கும்போது கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: பொருளின் விளக்கமும் அதன் காலத்தைப் பற்றிய விற்பவரின் கூற்றும் எழுதிய பற்றுச்சீட்டு, முந்தைய உரிமையாளர்களைப் பற்றித் தெரிந்த விவரம், எல்லை கடந்து வந்ததென்றால் ஏற்றுமதி அனுமதி. காலம் பற்றிய கூற்று எழுத்தில் இருந்தால், அது தவறென்று தெரியவந்தபின் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. வாங்கியபின் உயரம், அகலம், தடிப்பு, எடை ஆகியவற்றைக் குறித்து, முன்பின் இரு பக்கமும் அளவுகோலோடு படமெடுத்து, எழுத்துகளைத் தனியே நெருக்கத்தில் படமெடுத்து வைக்க வேண்டும். வல்லுநர் தொலைவிலிருந்து கருத்துச் சொல்ல இவை போதும். கருத்து மாறும்போதும் இந்தப் பதிவு நிற்கும். மறுவார்ப்பு வரிசையில் அந்தச் சிலுவைக்கு உரிய இடத்தைப் பின்னால் வருபவர் கண்டுபிடிக்கவும் அதுவே உதவும்.